எலுமிச்சம்பழம் தின்ற குழாய்

அந்த விமானத்தின் இரும்புக் கூட்டுக்கு வெல்டிங் வைத்தது நான். இரண்டு தடவை அதை வயலுக்கு மேலே ஓட்டிக் காட்டியவர் பண்ணை வீட்டு அண்ணாச்சி. வெள்ளைக்காரன் பத்திரிகைப் படத்தைப் பார்த்து, குற்றாலம் போகிற வழியில் தன் நெல் கொட்டகையிலேயே கட்டினார். குழாய்க் கூட்டுக்குச் சாயம் பூசி, மேலே துணி போர்த்தியிருந்தோம்.

ஆயுத பூஜைக்கு மூக்கில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். சும்மா இருந்தால் எனக்குக் கை அரிக்கும். புளியங்குடிப் பழம் ஒரு பை வாங்கி, துணிக்குள்ளே கை நுழைகிற இடத்திலெல்லாம் குழாய் மூட்டுகளில் கட்டிவிட்டேன். மேலே போனதும் அறுந்து உருளும், மனுஷர் மிரளுவார் என்று நினைப்பு. அவர் பறக்கவில்லை. மழை வந்தது, பிறகு சாரல் வந்தது, நானும் மறந்துபோனேன்.

அடுத்த வருஷம் ஆவணியில் மறுபடி பறக்கப் புறப்பட்டார். கூட்டைச் சோதிக்க வால் பக்கத் துணியைப் பிரித்தேன். ஒரு மூட்டில் கறுத்த தோல் ஒட்டியிருந்தது. அவர் பார்க்குமுன் எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். வெல்டிங் வைக்கும்போது சூட்டுக்காற்று போக விட்ட ஓட்டையை நான் அடைக்கவே இல்லை. அழுகிய சாறு அதன் வழியே குழாய்க்குள் இறங்கியிருந்தது. குழாயைக் குத்திப் பார்த்தேன், குத்தூசி பொதுக்கென்று உள்ளே போயிற்று. சாரல் ஈரத்தில் துருப்பிடித்தது என்றேன், நம்பினார். துருப்பிடித்த துண்டை அறுத்தெடுத்து, புதுக் குழாயின் முனையை மீன்வாய் போல வெட்டிப் பொருத்தி வெல்டிங் வைத்தேன். காலையில் பறப்பதாக ஆய்க்குடிச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

பக்கத்துக் குழாயை ஸ்பானரால் தட்டினேன். சாயம் பளபளத்தது, சத்தம் மட்டும் செத்து வந்தது.

"அண்ணாச்சி, இதுவும் போயிருக்கு. நாளைக்குப் பறக்க வேண்டாம்."

"போன மாசம் மர றெக்கையில கரையான்னு பொய் சொன்னவன்தானல நீ? சோறு திங்காமத் தேடுனேன்."

மூன்று தடவை சொன்னேன். நான் முகத்தைச் சுருக்கச் சுருக்க அவருக்குச் சிரிப்பு கூடியது. பழத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி தென்காசிக்கு வீடு திரும்பக் கிளம்பினேன், பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி தட்டிப் பார்த்தேன். அதே சத்தம்.

விடிந்ததும் அவருக்கு முன்னால் கொட்டகைக்குப் போய் அந்தக் குழாயை ரம்பத்தால் அறுத்தேன். கடைசி இழுப்பில் அவர் வந்து என் சட்டையைப் பிடித்தார். குழாய் வாய் திறந்து, அவர் புறங்கையில் செந்தூள் கொட்டியது. வெட்டுவாயை நகத்தால் சுரண்டினார். இரும்பு அப்பளம் போல நொறுங்கியது. பிடியை விட்டார்.

அப்போதுதான் பழம் கட்டியதைச் சொன்னேன்.

"எங்கங்க கட்டுன? காமி."

"ஞாபகம் இல்ல அண்ணாச்சி."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. பேனாக்கத்தியை விரித்து, வாலிலிருந்து துணியைக் கிழிக்க ஆரம்பித்தார்.