வேண்டாம் என்று சொன்ன கான்ஸ்டபிள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள்? ஆனால் அந்த மனுஷரின் முகம் என்னை விடமாட்டேன் என்கிறது.

விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ஹைவே ஓரமாக ஒரு சினிமா ஷூட்டிங். லஞ்சம் வாங்கிப் பழகிய இன்ஸ்பெக்டர் ஒரு கொலைக் கேசில் மனசாட்சியோடு மல்லுக்கட்டுகிற கதை. அவருக்குப் பின்னால் வாய் திறக்காமல் நிற்கிற கான்ஸ்டபிள் நான். பாதுகாப்புக்கு வந்திருந்த நிஜக் கான்ஸ்டபிள் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"நீ ஓடி ஓடி வாங்கின உத்தியோகம். எனக்கு மேக்கப் ரூம்லயே குடுத்துட்டாங்க பாத்தியா" என்று காலையிலிருந்து அவனை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தேன்.

டீ பிரேக்கில் சும்மா இருக்க முடியவில்லை. காக்கி உடுப்போடு ரோட்டுக்குப் போய், விழுப்புரம் பக்கம் போகிற ஒரு குட்டியானை லோடு வண்டிக்குக் கை காட்டினேன். விளையாட்டுக்குத்தான். வண்டி நின்றுவிட்டது. பின்னால் மல்லாட்டை மூட்டைகள், வேர்க்கடலைதான். என் அப்பா வயதுக்காரர் ஒருவர் இறங்கி ஓடிவந்து, நான் வாயைத் திறப்பதற்குள் என் சட்டைப் பையில் ஒரு நூறு ரூபாயைச் செருகினார்.

"ஜல்தி உடுங்க சார். மார்க்கெட் கமிட்டியில ஏலம் போய்க்கினு இருக்கும். இன்னிக்கு மூட்டைய போடலன்னா பொண்ணுக்கு காலேஜி பீஸ் கட்ட முடியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காசெல்லாம் வாணாங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. மடியிலிருந்து இன்னொரு நூறை எடுத்தார்.

"நான் போலீசே இல்லீங்க. சினிமாவுல நடிக்கிறேன்."

"கோச்சிக்காதீங்க சார்." மூன்றாவது நோட்டு வந்தது. "டீசலுக்கு வெச்சது. இதுக்கு மேல சத்தியமா இல்ல."

நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தொகை ஏறிக்கொண்டே போனது. தொப்பியைக் கழற்றினேன். தூரத்தில் கேமராவைக் காட்டினேன். மூன்று நோட்டையும் அவர் கையில் திணித்தேன். திட்டுவார், ஓர் அறையாவது விடுவார் என்று நின்றேன். அவர் கேட்டது இவ்வளவுதான்.

"அப்ப நான் போலாமா சார்?"

வண்டி போய்விட்டது. டீ கிளாஸோடு நின்ற கூட்டாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "வாணாம்னா இன்னும் ஜாஸ்தியா நீட்றாங்கடா. நீ எப்டிடா தினமும் நிக்கிற?"

அவன் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த டீயைக் கீழே ஊற்றினான்.

"மொத நாளு நானும் வாணாம்னுதான்டா சொன்னேன்."