விஷுவுக்கு முன் ஏறிய தண்ணீர்

தங்கபாய் பயிர் செய்யும் நிலம் கோடையில் மட்டும்தான் இருக்கும். மின்சாரத்துக்காக மலையில் கட்டிய அணையின் உள்பக்கம் அது. கீழே திருவனந்தபுரம் ஏசி போடப் போட, மேலே தண்ணீர் இறங்கி வண்டல் வெளியே வரும். அதில் கணிவெள்ளரி போடுவார். அனுமதி கிடையாது, இதுவரை தடுத்தவரும் இல்லை.

போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்; வேலாயுதனைக் கட்டி அணைக்கரைக்கு வந்தார். கணவர் இறந்தபின் மகள் லிபியைப் படிக்க வைத்தது இந்த வண்டல். லிபிக்கு இப்போது திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் கம்பெனி வேலை. விதைப்பதை விடச் சொல்லி அவள் கெஞ்சியிருக்கிறாள். இவர் விடவில்லை.

மலையாளப் புத்தாண்டான விஷுவன்று கண் விழித்ததும் பார்க்கும் கணியில் வைக்கும் வெள்ளரி பொன்னிறமாகப் பழுத்திருக்க வேண்டும். பச்சையாகப் பறித்தால் கறிக்காய் விலைதான்.

இந்த வருடம் விஷு நெருங்கும்போது காட்டில் மழை பெய்தது. ஓடைகள் அணைக்குள் பாய்ந்தன. பாதிக் காய் இன்னும் பச்சை. பறிப்பதா, பொறுப்பதா? மின்நிலைய ஆபரேட்டர் சுதீஷிடம் போய்க் கேட்டார்.

"இந்தச் சூட்டுல மெஷின் நிக்காது சேச்சி. வர்ற வெள்ளம் எல்லாம் கரண்டாப் போவும். ஏறாது, பேடிக்காதீங்க."

அது சரியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் தண்ணீர் ஏறவில்லை. மூன்றாம் நாள் மாலை லிபி போன் செய்தாள்.

"அம்மா, இங்க நல்ல மழையாக்கும். ஆபீஸ்ல ஏசி கூட ஆஃப் பண்ணியாச்சு."

"குடை எடுத்தியா மக்களே? நனையாத."

அதற்கு மேல் தங்கபாய் யோசிக்கவில்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது முதல் வரிசைக் கொடிகள் தண்ணீருக்குள் கிடந்தன. நகரம் குளிர்ந்ததும் மின்சாரத் தேவை குறைந்து, மெஷினை நிறுத்தும்படி உத்தரவு வந்திருந்தது. ஓடைகள் நிற்கவில்லை.

மெஷினை ஓட்டச் சொல்லி சுதீஷிடம் சண்டைக்குப் போனார். உத்தரவில்லாமல் தொட முடியாதென்று அவர் கைவிரித்தார். "டவுண்ல மழ பெஞ்சதுக்கு நான் என்ன செய்ய சேச்சி?"

"நிக்காதுன்னு சொன்ன வாயில்லா அது?"

தங்கபாய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கொடிகளிலிருந்து காய்களை அறுத்தார். சுதீஷ் ஷிப்ட் முடிந்து வந்து சாக்கைப் பிடித்துக்கொண்டார். மாலைக்குள் நிலம் முழுவதும் மூழ்கிவிட்டது.

பழுத்ததை மறுநாள் முதல் பஸ்ஸில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைச் சந்தைக்குக் கொண்டுபோய் நல்ல விலைக்குக் கொடுத்தார். பழுக்காததை மின்நிலைய மெஸ் எடுத்துக்கொண்டது. விஷுவன்றும் அடுத்த நாளும் சுதீஷுக்குச் சோற்றோடு வெள்ளரிக்காய்க் கறி.