இடப்பக்கம் நின்றவர்

மொக்கச்சாமி யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் பையில் வைப்பார். பொட்டிபுரம் பக்கம் அவருக்குப் பருத்தியும் கடலையும் விளைகிற காடு இருந்தது. வாலிபத்தில் போடி அணிக்காகக் கால்பந்து ஆடியவர். நம்பாத அந்தக் குணம்தான் அவரைத் தடுப்பாட்டத்தில் நல்ல பேக் ஆக்கியது. எதிராளி எந்தப் பக்கம் உடம்பை வளைத்துப் பாசாங்கு காட்டினாலும் நம்ப மாட்டார். பந்தை மட்டுமே பார்ப்பார். கூடவே ஓயாமல் கத்துவார்: "வர்றான்... பின்னால இன்னொருத்தன்... விடாத!"

அப்பா இறந்து காடு அவர் தலையில் விழுந்ததும் ஆட்டம் நின்றுபோனது. அதே அணியில் கோல் காக்கும் கோலியாக நின்ற வெள்ளைத்துரை பக்கத்துக் காட்டுக்காரர். இருவருக்கும் ஒரு கூட்டுக் கிணறு. எழுபத்து மூன்றாம் வருஷம் மழை பொய்த்தபோது தண்ணீர் முறைக்காகச் சண்டை வந்து பேச்சு அறுந்தது. வெள்ளைத்துரை காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு வாங்கி ஓட்டினார்.

எண்பத்தொன்றில் ஒருநாள் அந்த ஜீப்பு மொக்கச்சாமியின் காட்டோரம் வந்து நின்றது.

"மாப்ளே, டவுன் டீமுக, எஸ்டேட் டீமுக எல்லாஞ் சேந்து ஞாயித்துக்கெழம மேச்சு வக்கிறாங்க. நீ லெப்ட் பேக் ஆடணும்."

"இந்த வயசுலயா? எளவட்டப் பயலுக இல்லையா?"

"இருக்காங்க. எனக்கு நீதான் வேணும்."

அந்தக் கடைசி வார்த்தை மொக்கச்சாமியை உறுத்தியது. இத்தனை வருஷம் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன் இப்போது எதற்காக வருகிறான்?

"கெணத்து விசயமா என்னமோ நெனச்சுத்தான் வர்றான்," என்றார் மனைவி சந்திரவல்லியிடம்.

"ஆடணும்னு ஆசையிருந்தா போங்க. இல்லாட்டி வரலைன்னு சொல்லுங்க. ரெண்டுக்கும் நடுவுல எதுக்கு இந்த ரோசன?"

ஆசை இருந்தது. போனார். முதல் ஞாயிறு பாதி ஆட்டத்திலேயே கோட்டுக்கு வெளியே குத்தவைத்து வாந்தி எடுத்தார். ஆனால் வேகமாக வந்த ஒருவனின் காலிலிருந்து பந்தைக் கொத்தி எடுத்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுவாரமும் போனார்.

வெள்ளைத்துரை கிணற்றைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. மொக்கச்சாமிக்கு அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவர் சொன்னது ஒன்றுதான்: "கத்து மாப்ளே. எடப்பக்கம் வர்றத எல்லாம் கத்திக்கிட்டே இரு."

எஸ்டேட் அணியோடு ஆடிய அன்று, இடது ஓரத்திலிருந்து ஒரு பந்து கிழவன் நடக்கிற வேகத்தில் உருண்டு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மொக்கச்சாமி கத்தவில்லை. வெள்ளைத்துரை அசையாமல் நின்றார். கோல். எல்லோரும் லெப்ட் பேக்கைத்தான் ஏசினார்கள்.

மொக்கச்சாமிக்கு விஷயம் விளங்கிவிட்டது போலிருந்தது. ஜீப்புக்குத் தினமும் லோடு கொடுப்பது அந்த எஸ்டேட்டுதான். அவர்களிடம் ஆட்டத்தை விற்றுவிட்டான். பழியை என் தலையில் கட்டத்தான் என்னைத் தேடிப்பிடித்து இழுத்து வந்திருக்கிறான்.

அடுத்த ஆட்டம் போடிமெட்டுக்கு அப்பால், மலைமேல். யார் யார் வெள்ளைத்துரையிடம் பேசுகிறார்கள் என்று கவனிக்க மொக்கச்சாமி ஜீப்பில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ரகசியமாக யாரும் எதுவும் பேசவில்லை. ஆட்டம் முடிந்ததும் மலையாளத்து எஸ்டேட் ஆள் ஒருவர், "சேட்டா, சாயா," என்று இடப்பக்கமாக டம்ளரை நீட்டினார். வெள்ளைத்துரை கவனிக்காமல் திரும்பியதில் தோள் இடித்து டீ கொட்டியது. நல்லா நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார் மொக்கச்சாமி.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. பின்னால் ஆட்டக்காரர்களோடு, ஏலக்காய் பறித்துவிட்டு இறங்கும் பெண்களும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கொண்டை ஊசி வளைவில் இடது சக்கரம் ஓரக்கல்லை உரசி ஏறியது. அதற்கப்பால் பள்ளம்.

"எடப்பக்கம்! எடப்பக்கம் வெள்ளை!"

ஸ்டீயரிங் வெடுக்கென்று திரும்பி ஜீப்பு குலுங்கி நின்றது. பெண்கள் அலறினார்கள். மொக்கச்சாமி சாவியைத் திருகி எடுத்துக்கொண்டு இறங்கினார். வெள்ளைத்துரையை ஓரமாகக் கூட்டிப்போய், முகத்தின் இடது பக்கமாகக் கையைத் தூக்கினார்.

"இது எத்தன வெரலு?"

வெள்ளைத்துரை விரலைத் தேடி முகத்தைத் திருப்பினார். பிறகு, "மதுரைல காட்டுனேன். அந்தக் கண்ணு இனி வராதுன்னுட்டாங்க," என்றார்.

"அப்பறம் எதுக்குடா கோலி நிக்கிற?"

"ஆடாம விட்டுட்டா, வீட்டுல ஏன்னு கேப்பாங்க. நீ கத்துனா சமாளிச்சுருவேன்னு நெனச்சேன். சாவியக் குடு, மாப்ளே. மெதுவா எறக்கிருவேன்."

"தர மாட்டேன்."

வெள்ளைத்துரையின் முகம் மாறியது. "கெணத்த மனசுல வச்சுக்கிட்டுத்தான என் பொழப்புல மண்ணள்ளிப் போடுற?"

மொக்கச்சாமி சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார். அப்படி இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? கீழே இறங்கிக்கொண்டிருந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தி எல்லோரையும் ஏற்றினார். வழியெல்லாம் சாவி அவர் கைக்குள்ளேயே இருந்தது. ஊர் திரும்பியதும் நேராக வெள்ளைத்துரையின் மனைவி ஜக்கம்மாளிடம் அதைக் கொடுத்தார்.

"ஆத்தா, அவனுக்கு ஒரு கண்ணு தெரியல. வண்டிய வேற ஆள வச்சு ஓட்டச் சொல்லு."

ஜீப்புக்கு வேறு டிரைவர் வந்தார். வெள்ளைத்துரை ஜீப்பு ஸ்டாண்டில் ஆள் ஏற்றிவிடும் வேலைக்கு இறங்கினார். கிணற்றுப் பகைக்கு மொக்கச்சாமி பழி தீர்த்துவிட்டார் என்று ஊரில் பாதிப் பேர் பேசினார்கள். டீக்கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நிற்கும். அந்த வருஷம் முழுக்க அப்படித்தான் போனது. ஆனால் ஆட்டத்தை அவர் விடவில்லை.

மறுவருஷம் ஒரு ஞாயிறு வெள்ளைத்துரை தானாக வந்து கோல் கம்பத்துக்கிடையில் போய் நின்றார். பையன்கள் மொக்கச்சாமியைப் பார்த்தார்கள்.

"நிக்கட்டும்," என்றார்.

மைதானத்தில் அவர் கத்துவார், வெள்ளைத்துரை குதிப்பார். வெளியே ஒரு வார்த்தை கிடையாது. எண்பத்து மூன்றில் அணி பைனல் வரை போய் ஒரே கோலில் தோற்றது. பந்து வலது மூலையில் புகுந்திருந்தது. வெள்ளைத்துரை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

"அது நல்லாத் தெரிஞ்சுச்சு மாப்ளே. கைதான் எட்டல."

பரிசு கொடுக்கும்வரை நிற்காமல் இருவரும் பொட்டிபுரம் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்கள்.