கார்டில் மூன்றாவது பெயர்

மாமா தகரப் பெட்டியைத் திறந்து ரேஷன் கார்டை எடுத்து என் கணவரின் கையில் கொடுத்தபோது, அதைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். அப்பா கையும் மகன் கையும் அந்த அட்டையில் இருந்தன. அது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி, மாட்டுங்கா லேபர் கேம்ப்பின் அந்த ஒற்றை அறைக்கு வந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. அறுபதுகளின் நடுப்பகுதி. பம்பாயில் அரிசிக்குக் கடும் தட்டுப்பாடு. என் பெயரைக் கார்டில் ஏற்றினால்தான் எனக்கும் பங்கு. ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா கார்டைப் புரட்டி, "தீன் ஹை, அப் சார்" என்றான். மூன்று பேர் இருக்கிறார்கள், இனி நான்கு. எனக்கு அப்போது இந்தியில் எண்கள் மட்டும்தான் தெரியும். அந்த வீட்டில் இருந்ததோ மாமாவும் என் கணவரும் மட்டும். மாமியார் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

"மூணாவது ஆளு யாரு?" என்று வழியில் கேட்டேன். கணவர் நடையை எட்டிப் போட்டார். எங்கள் சந்து திரும்பும் இடத்தில் நின்று, என்னைப் பார்க்காமல், "அக்கா" என்றார்.

எனக்கொரு மதினி இருப்பதைக் கல்யாணப் பேச்சில் யாரும் சொல்லவில்லை. சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு, பேச்சு நாலைந்து சொற்களோடு நின்றுபோனவள். மாமியார் இருந்தவரை அவர்தான் பார்த்துக்கொண்டார். அவர் இறந்த சில மாதங்களில் மதினி ஒரு நாள் தனியாக வெளியே போய்த் தொலைந்துவிட்டாள் என்று கணவர் சொன்னார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. போலீஸ்காரர்கள் கண்டெடுத்துச் செம்பூரில் ஆதரவற்றவர்களை வைத்துப் பராமரிக்கும் ஒரு விடுதியில் சேர்த்திருந்தார்கள். மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சோறு போடுதான், அங்கனயே இருக்கட்டும்" என்றாராம். கொஞ்ச நாளைக்கு என்று நினைத்தது எட்டு வருஷமாகிவிட்டது. புதிதாகக் கார்டு போட்டபோது அவள் பெயரையும் எழுதச் சொன்னவர் மாமாதான். ஒரு ஆள் அரிசி கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காகவா, மகளின் பெயரை விட்டுவிட்டு எழுதச் சொல்ல வாய் வராததாலா, தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கும்போதெல்லாம் இதில் எந்தப் பிடி அவளுடையது என்று தோன்றும். இரக்கம் என்று மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். அதைவிடப் பயம்தான் அதிகம். மொழி தெரியாத ஊர், மூட்டினால் புகையும் அடுப்பு, நாள் முழுக்கப் பேச ஆளில்லாத அறை. இந்த வீட்டில் ஒரு பெண்ணை எங்கோ வைத்துவிட்டு இத்தனை வருஷம் சாப்பிட்டுத் தூங்க முடிகிறதென்றால், என்னையும் அப்படி வைக்க முடியும் அல்லவா? மதினியைக் கூட்டி வந்தால்தான் எனக்கு இந்த வீடு நிச்சயம் என்று நினைத்தேன். மாமாவிடம் கேட்டபோது, "கொண்டாந்து எங்க வப்பிய?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். விடாமல் நச்சரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவருடன் செம்பூருக்குப் பஸ் ஏறினேன்.

நீளமான ஒரு கூடம். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய தலை, ஒரே சாம்பல் நிற அங்கி. அத்தனை பேருக்கும் இரண்டே ஆயாக்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஆயா ஒருமுறை கை தட்டினாள், கூடமே எழுந்து நின்றது. இருமுறை தட்டினாள், உட்கார்ந்தது. அந்த வரிசையில் தம்பி முகத்தைத் தேடாமல், ஆயாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள்தான் மதினி. கணவர் முன்னால் போய் "அக்கா" என்றார். அவள் அவரைத் தாண்டி ஆயாவின் கையைப் பார்த்தாள்.

அங்கே வாரத்தில் இரண்டு நாள் மாட்டுங்காவிலிருந்து வந்து தையல் சொல்லிக்கொடுத்த ஒருவரை எல்லோரும் டீச்சர் மாமி என்றார்கள். வீட்டுக்குப் போகக்கூடியவர்களை எப்படியாவது வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று பல வருஷங்களாக மேலிடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் அவர். எங்களைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "அழைச்சுண்டு போங்கோ. இன்னும் ரெண்டு வருஷம் போனா வெளியில வரணும்னே அவளுக்குத் தோணாது" என்றார். யார் யாரையோ பார்த்து, எங்களுக்காக மனு எழுதி, ஒரு மாதத்தில் கையெழுத்து வாங்கித் தந்தார். மதினியின் நல்ல கையை நான் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டியபோது, பின்னால் கூடத்திலிருந்து யாரோ ஒரு பெண் மராத்தியில் என்னவோ கத்தினாள். என்ன சொன்னாள் என்று மாமியிடம் கேட்டேன். "தன்னையும் அழைச்சுண்டு போகச் சொல்றா" என்றார்.

வீட்டுக்கு வந்த மதினி, வைத்த இடத்தில் இருந்தாள். தட்டில் சோறு போட்டால் பார்த்துக்கொண்டே இருப்பாள். முதல் நாளே எனக்கு விளங்கிவிட்டது. கை தட்டினேன், சாப்பிட்டாள். ஒருமுறை தட்டினால் எழுவாள், இருமுறை தட்டினால் உட்காருவாள். விடிவதற்கு முன் குழாயடி, பிறகு அடுப்பு, துணி, ரேஷன் வரிசை என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய சௌகரியமாக இருந்தது. சுவரோரம் உட்காரவைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அதே இடத்தில் இருப்பாள். "எவ்வளவு பக்குவமா வச்சிருக்கா பாரு, ஒரு சத்தம் உண்டா?" என்று சந்துப் பெண்கள் மெச்சினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அந்தப் பெருமையை நான் மறைக்கக் கூடாது.

ஜூலையில் ஒரு பகல். இருமுறை கை தட்டி மதினியைத் தரையில் உட்காரவைத்துவிட்டு மண்ணெண்ணெய் வரிசைக்குப் போனேன். மாமா யாரையோ பார்க்கத் தாராவிக்குள் போயிருந்தார். நான் வரிசையில் நின்றபோதே மழை பிடித்துக்கொண்டது. பம்பாய் மழையை எனக்கு அதுவரை தெரியாது. சாக்கடை எது, சந்து எது என்று தெரியாமல் இடுப்பளவு தண்ணீரில் நடந்து திரும்புவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் தங்கள் மூட்டை முடிச்சுகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கறுத்த தண்ணீரில் தட்டும் செருப்பும் மிதந்தன. மதினி சுவரோரம், நான் வைத்த இடத்தில், உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்திருந்தது. அழவில்லை. தாடையை மட்டும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டடி தள்ளிப் பரணுக்கு ஏறும் ஏணி இருந்தது.

நான் ஓடிப்போய் அவளைத் தூக்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னைத் தண்ணீரில் போட்டுவிட்டு, கை தட்டினேன். ஒருமுறை. அவள் எழுந்தாள். இத்தனை வருஷத்தில் என்னை விட்டுப் போகாதது அந்தச் சத்தம்தான்.

காய்ச்சல் வந்து மதினி பிழைத்தாள். பார்க்க வந்த டீச்சர் மாமியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் திட்டவில்லை. "கை தட்றதை இன்னியோட நிறுத்திடு. அவளா கை நீட்டற வரைக்கும் காத்துண்டிரு. பாக்கறவாளுக்குத்தான் ரொம்பக் கஷ்டமா இருக்கும்" என்றார். அப்படித்தான் இருந்தது. மறுநாள் காலையும் மதியமும் தட்டு வைத்தபடியே இருந்தது. மதினி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாடும் அப்படியே போனது. "ஒரு தட்டு தட்டித் தொலையேன்! சாவடிக்கப் போறியா அவள?" என்று கணவர் கத்தினார். அதற்கு மறுநாள் மதியம், அதுவரை மகளை நேருக்கு நேர் பார்க்காத மாமா, தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. இருவர் தட்டிலும் சோறு காய்ந்தது, ஈ மொய்த்தது. ஷிப்ட் விட்டுப் போகிறவர்களின் பேச்சுக்குரல் சந்தில் கேட்கத் தொடங்கிய நேரத்தில், மதினி இடது கையை மெதுவாக நீட்டிச் சோற்றைத் தொட்டாள். தொட்டுவிட்டு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தாள். பிறகு வாயில் வைத்தாள். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்; அவர் தட்டு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மெள்ள மெள்ள வந்தது. அவளாக எழுந்தாள், அவளாக நிலைப்படியைத் தாண்டினாள், என் பின்னால் குழாயடிக்கு வந்தாள். அங்கே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். திரும்பி வந்தால் குடம் இடம் மாறியிருக்கும், தினமும் சண்டைதான். ஒரு நாள் ஒருத்தி தன் குடத்தை முன்னால் நகர்த்தியபோது, மதினி அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். திட்டு விழுந்தது. அவள் மறுபடியும் நகர்த்தினாள், மதினி மறுபடியும் எடுத்து வைத்தாள். எது யார் குடம் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பின்னாளில் அந்தப் பெண்களே, "ஏ மதினி, எங் கொடத்தப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். ஒரு குடம் நிறைந்ததும் அதைக் காலால் தள்ளிவிட்டு, "சலா" என்பாள். நகரு, நகரு என்று ஆயாக்கள் சொல்லிக்கொண்டிருந்த மராத்திச் சொல். அவள் அதைச் சொன்னபோது சந்து முழுவதும் கேட்டது.

இரண்டு வருஷம் கழித்து மாமா படுத்த படுக்கையானார். தோல் பதனிடும் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கழித்த காலமெல்லாம் நெஞ்சில் சளியாக நின்றது. ஒரு காலையில் நான் கஞ்சி கொண்டுபோனபோது, வெளியே குழாயடியில் மதினியின் குரல் கேட்டது. மாமா அதைக் கேட்டுக்கொண்டே சொன்னார்:

"அவ தொலையல தாயி."

எனக்குப் புரியவில்லை.

"அவ அம்மா போனப்புறம் வெளியில பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போவேன். ஒரு நா வந்து தொறக்கேன், கதவச் சொரண்டிச் சொரண்டி நகமெல்லாம் ரத்தம். மறுநா பூட்டக் கை வரல. தாதர் டேசனுக்குக் கூட்டிட்டுப் போனேன். பெஞ்சில உக்கார வச்சு, 'இங்கனயே இரு, வாரேன்'னு சொல்லிட்டு வந்துட்டேன்." மூச்சு வாங்கியது. "ரெண்டு நா கழிச்சு மனசு கேக்காமப் போனேன். போலீசு கொண்டுபோயிட்டான்னு போர்ட்டர் சொன்னான். அதுவரை பெஞ்ச விட்டு எந்திரிக்கவே இல்லயாம்."

"மதினிக்கு இது தெரியுமா மாமா?"

"நான் போறத பாத்துக்கிட்டேதான இருந்தா."

அன்று மதியம் மீன் குழம்பு. மதினி தன் தட்டிலிருந்த துண்டை எடுத்து அப்பாவின் கஞ்சிக் கிண்ணத்தில் போட்டாள். அவள் மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசை. அது எனக்குத் தெரியாது. முள் அதிகமான துண்டாக இருந்திருக்கலாம். மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். அந்த மாதமே போய்ச் சேர்ந்தார். நான் இதைக் கணவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. மதினி எங்களோடு பதினெட்டு வருஷம் இருந்தாள். அவள் இறந்த அன்று குழாயடியில் வரிசை குலைந்து பெரிய சண்டை வந்தது.

இப்போது நான் கோவண்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. போன வாரம் மகன் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நல்ல பிள்ளை; ஒரு குறை சொல்ல முடியாது. கூட்டமாக இருந்தது. காலியாக இருந்த ஒரு நாற்காலியில் என்னை உட்காரவைத்து, "இங்கயே இரும்மா, சீட்டு வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் முதுகு கூட்டத்துக்குள் மறைந்தது. நான் கைப்பிடியை ஊன்றி எழுந்தேன். யார் யார் தோளையோ பிடித்துக்கொண்டு, வலியைக் கடித்துக்கொண்டு நடந்து, வரிசையில் நின்றிருந்தவனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன்.

"ஏம்மா, அங்கதான இருக்கச் சொன்னேன்? எதுக்கு எந்திரிச்சு வந்த?" என்று பதறினான்.

"சும்மாதான்" என்றேன்.