பிம்மாலா எழுதிய விலைகள்

எல்லை ஆற்றங்கரை ஊரான தாக்கேக்கின் சந்தையில் பிம்மாலாவைத் தெரியாதவர்கள் கிடையாது. மாதத்தில் மூன்று நாள், ஐந்தாம் தேதியும் பதினைந்தும் இருபத்தைந்தும், காலை எட்டு மணிக்கு நீல அட்டையும் பேனாவுமாக வந்துவிடுவாள். ஒரு பொருளும் வாங்கமாட்டாள், விலையை மட்டும் கேட்பாள். பத்தொன்பது வருடமாக அதே கேள்வி, அதே பதினாலு கடைகள். மாவட்டப் புள்ளிவிவர அலுவலகத்தில் அவளுடைய வேலையே அதுதான். அரிசி, எண்ணெய், சோப்பு, கரி, முட்டை எல்லாம் இன்றைக்கு என்ன விலை என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கூட்டிக் கழித்து, போன வருடத்தைவிட விலைவாசி நூற்றுக்கு இத்தனை ஏறியிருக்கிறது என்று மாகாண அலுவலகத்தில் ஓர் எண் சொல்வார்கள்.

வாங்காமல் விலை கேட்கிறவளைச் சந்தை சும்மா விடுமா? “வந்துட்டாங்கய்யா, காசில்லாத பெரிய வியாபாரி” என்று இடத்தை ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டே கேலி செய்வார்கள். அவளுக்கு அந்தக் கேலி வேண்டியிருந்தது. கணவன் இறந்து பதினொரு வருடம் ஆகிவிட்டது. ஒரே மகள் ஆலுனி இரண்டு வருடத்துக்கு முன் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குப் போய், மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் பேச ஒரு ஜீவன் கிடையாது. சந்தைக்குப் போகாத நாட்களில் அவள் வாய் திறந்து பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பட்டியலில் ஒன்பதாவது கடை சன்பெங்கின் முட்டைக் கடை. சன்பெங் அவளைவிட நாலு வயது மூத்தவள், வாய் நாலு முழம் நீளம். அங்கேதான் பிம்மாலாவின் மதியச் சாப்பாடு. இருவரும் கூடையைத் திறந்து ஒட்டரிசிச் சோற்றை உருண்டை பிடித்து மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிடுவார்கள். கீறல் விழுந்த முட்டைகளை அவித்து சன்பெங் எடுத்து வைப்பாள். விலை எழுதுகிறவள் கடைக்காரரிடம் ஓசியில் எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி என்பதால், பிம்மாலா அதற்கும் காசை வைத்துவிடுவாள். ஓட்டை முட்டைக்குக் காசு கொடுக்கிற ஒரே அரசாங்கம் நீதான்டி என்பாள் சன்பெங்.

நாட்டுப் பணத்தின் மதிப்பு கெட்டுப்போக ஆரம்பித்தபோது முதலில் அழுதது இந்த முட்டைக் கடைதான். தாய்லாந்துப் பணம் ஒரு பாட் வாங்க உள்ளூர்ப் பணம் முந்நூறு கீப் கொடுத்த இடத்தில் நானூறு கொடுக்க வேண்டி வந்தது, பிறகு ஐந்நூற்றையும் தாண்டியது. அது பெரிய வியாபாரிகளின் கவலை என்றுதான் பிம்மாலா நினைத்திருந்தாள். சன்பெங் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள். “கோழி நம்ம கோழிதான்டி. தீனி தாய்லாந்துக்காரன் தீனி, ஊசி மருந்து அவன் மருந்து, இந்த முட்டை அட்டை கூட அவன் அட்டை. எல்லாத்துக்கும் பாட் பணத்துலதான் கேக்குறான். முட்டை போடுறது மட்டும்தான் நம்ம நாட்டு வேலை.”

அப்புறம் பெட்ரோல் வரிசை வந்தது. பங்க் வாசலில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு ஆட்கள் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தூங்கினார்கள். ஆற்றுக்கு ஆறு அணை கட்டி, அக்கம்பக்கத்து நாட்டுக்கெல்லாம் மின்சாரம் விற்கிற நாட்டில், உழவு வண்டிக்கு ஊற்ற நாலு லிட்டர் டீசல் இல்லை. தலைநகரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து அலுவலகத்தில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். மனுஷன் ஒளிக்காமல்தான் பேசினார். அளவுக்கு மீறிக் கடன் வாங்கி அணையும் பாதையும் போட்டோம், மின்சாரம் விற்ற காசு வட்டிக்கே சரியாகப் போகிறது, தாதுவும் வாழைப்பழமும் ஏற்றுமதி செய்கிறவர்கள் டாலரை வெளியிலேயே வைத்துக்கொள்கிறார்கள், வேண்டியவர்களுக்கெல்லாம் வரியை விட்டுக்கொடுத்தோம் என்றார். இனி டாலர் நாட்டுக்குள் வர வேண்டும், வரி ஒழுங்காக வசூலாக வேண்டும், கடன்காரர்களிடம் தவணை கேட்க வேண்டும், தீனியையும் உரத்தையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று மருந்தும் சொன்னார். பிம்மாலா கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இதில் தன் பங்கு என்று எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. காய்ச்சல்காரனின் சூட்டைப் பார்த்து எழுதுகிறவள் மருந்தைப் பற்றி ஏன் யோசிக்கப் போகிறாள்?

அந்த வருடக் கடைசியில் சந்தையிலிருந்து ஆட்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். முதலில் சோப்புக் கடைக்காரி போனாள். அவள் கையில் வெள்ளை நூல் கட்டி, உயிர் உடம்பைவிட்டு அலையாமல் அவளோடே இருக்கட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார்கள். பிம்மாலாவும் ஒரு நூல் கட்டினாள். அடுத்து எண்ணெய்க் கடை, கரிக் கடை, நூடுல்ஸ் விற்ற தம்பதி. எல்லாரும் ஆற்றுக்கு அக்கரை. ஐந்தாவதாகப் போனவர் ஊறவைத்த மீன் விற்றுக்கொண்டிருந்த கிழவர். அவர் எங்கும் போகமாட்டார் என்று பந்தயம் கட்டியவர்கள் எல்லாரும் தோற்றார்கள்.

பட்டியலில் உள்ள கடை மூடிக் கிடந்தால் என்ன செய்வது என்பதற்கு விதி இருக்கிறது. ஒரு மாதம் பொறுக்கலாம், பழைய விலையையே எழுதலாம். அடுத்த மாதமும் திறக்காவிட்டால் பெயரை அடித்துவிட்டு, எதிரே ‘இனி வரமாட்டார்’ என்று எழுதி, அதே பொருளை விற்கும் வேறு கடையைச் சேர்க்க வேண்டும். பிம்மாலா முதல் மாதம் பொறுத்தாள். இரண்டாம் மாதம் சோப்புக் கடைக்காரியின் பெயர் மேல் பேனாவை வைத்தாள், கை ஓடவில்லை. பத்தொன்பது வருடம் இவளைப் பார்த்துச் சிரித்த முகத்துக்கு நேராக ‘இனி வரமாட்டார்’ என்று எப்படி எழுதுவது? புத்தாண்டுக்கு வருவாள், அப்போது பார்க்கலாம் என்று பழைய விலையையே மறுபடி எழுதினாள். எண்ணெய்க்கும் அப்படியே, கரிக்கும் அப்படியே. மூடிய கடை முன்னால் சிறிது நேரம் நின்று, போன மாதம் எழுதியதைப் பார்த்து அதையே எழுதிவிட்டு நகர்வாள். அப்படி நின்றால் அவர்கள் இன்னும் ஊரில் இருப்பது போல அவளுக்கு இருந்தது. அது பொய்க்கணக்கு என்று அவள் நினைக்கவே இல்லை.

இதற்கிடையில் மாகாணத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். வாத்தியார்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுக்கொண்டிருந்த நேரம். விலைவாசி நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஏறிய மாவட்டங்களில், மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வாத்தியாருக்கும் மாதம் ஒரு மூட்டை அரிசி. சன்பெங்கின் மகன் சோம்சனித் தொடக்கப் பள்ளி வாத்தியார். மனைவி, ஒரு கைக்குழந்தை. சம்பளம் பத்து நாளைக்குக் காணாது. அரிசி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம், வராவிட்டால் அக்கரைக்குப் போகிறோம், அம்மாவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூட வர வேண்டும் என்று சொல்லியிருந்தான். அன்றிலிருந்து பிம்மாலாவுக்கு அந்த அரிசி மூட்டையின் மேலேயே நினைப்பு. சன்பெங்கும் போய்விட்டால் இந்த ஊரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? நாற்பது தாண்டிவிடும், தாண்டாமல் எங்கே போகும் என்று சன்பெங்குக்கு அவளே தைரியம் சொன்னாள்.

ஏப்ரலில் எண் வந்தது. தாக்கேக்குக்கு முப்பத்தேழு.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் சன்பெங் கூடையைத் திறக்கவில்லை. முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டே முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். “நீ எந்த ஊர்ச் சந்தையில விலை கேட்டு எழுதுற? முட்டை இரட்டிப்பாச்சு, எண்ணெய் இரட்டிப்பாச்சு. முப்பத்தேழாம். அந்த ஊரு எங்க இருக்குன்னு சொல்லு, நாங்க அக்கரைக்குப் போகாம அங்கயே குடி போயிடுறோம்.” சுற்றியிருந்த கடைக்காரர்களும் அன்றைக்கு யாரும் கேலி செய்யவில்லை. கேலி இல்லாத சந்தை அவளுக்குப் பயமாக இருந்தது.

அலுவலகத்துக்குப் போய்ப் பழைய படிவங்களை எடுத்து மேசை மேல் பரப்பினாள். வரிசையாகப் பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது. ஒன்பது கடைகளில் விலை ஏணி வைத்து ஏறியிருந்தது. போய்விட்ட ஐந்து கடைகளில் மட்டும் ஐந்து மாதமாக, ஆறு மாதமாக ஓர் எண் கூட அசையவில்லை. ஆள் இல்லாத கடையில் எண்ணெய் மலிவாக இருந்தது. ஊரின் காய்ச்சலை இழுத்துக் கீழே வைத்திருந்தது வேறு யாருமில்லை, இவளுடைய கைதான். பிம்மாலா படிவங்களின் மேல் தலையைச் சாய்த்து அழுதாள். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டவும் அங்கே ஆள் இல்லை.

அலுவலகத் தலைவர் பூன்தாவி அவளைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனிதர், பயந்தாங்கொள்ளி. அவள் எல்லாவற்றையும் சொன்னபோது நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். ஏப்ரல் எண் தலைநகரம் வரை போய்விட்டது, அதை இனித் திருப்ப முடியாது என்றார். அடுத்த மாதத்திலிருந்து சரியாக எழுதுகிறேன் என்று அவள் சொன்னதும் அவருக்கு இன்னும் பயம் வந்துவிட்டது.

“அப்படியே தூக்கி எழுதினா மேல என்னைக் கேப்பாங்க. மாசம் ஒரு கடையா மாத்துங்கக்கா. கொஞ்சம் கொஞ்சமா ஏறினா யாரும் கண்டுக்க மாட்டாங்க.”

“அஞ்சு பேரும் கொஞ்சம் கொஞ்சமாவா போனாங்க, தலைவரே? போயிட்டாங்க. போயிட்டாங்கன்னுதான் எழுதுவேன். யாராவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க.”

பத்தொன்பது வருடத்தில் அவள் அந்த அறையில் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பூன்தாவி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

புத்தாண்டுத் தண்ணீர் விளையாட்டு முடிந்த வாரத்தில் சன்பெங் வீட்டில் நூல் கட்டினார்கள். சோம்சனித்துக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் கட்டிய பிறகு சன்பெங் பாயில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பிம்மாலா நூலைச் சுற்ற ஆரம்பித்தாள், முடிச்சுப் போட வரவில்லை. வாழ்த்துச் சொல்ல வேண்டிய வாயால், முப்பத்தேழு எப்படி வந்தது என்று ஆதியோடு அந்தமாகச் சொல்லிவிட்டாள். போனவர்களின் பெயரை அடிக்க மனம் வராததைச் சொன்னாள். என்னால்தான் உங்களுக்கு அரிசி வரவில்லை என்றாள்.

சன்பெங் கையை இழுத்துக்கொள்வாள் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். சன்பெங் கையை இழுக்காமல் அந்த முடியாத முடிச்சைப் பார்த்தாள். ஒரு மூட்டை அரிசியால் இவர்களை எத்தனை நாளைக்குக் கட்டிவைத்திருக்க முடியும், இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் போயிருப்பார்கள் என்றாள். அது உண்மையா ஆறுதலா என்று பிம்மாலாவுக்குத் தெரியவில்லை. பிறகு சன்பெங் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “அவங்க பேரையெல்லாம் அவ்வளவு நாள் வச்சிருந்தியே. என் பேரையும் கொஞ்ச நாள் வச்சிருடி. அங்க நாலு சுவத்துக்குள்ள உக்காந்திருக்கும்போது, ஊருல எனக்கு ஒரு கடை இருக்குன்னு நெனச்சுக்குவேன்.”

பிம்மாலா முடிச்சைப் போட்டாள். ஆகட்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

மே ஐந்தாம் தேதி சந்தைக்குப் போனாள். சோப்பு, எண்ணெய், கரி, நூடுல்ஸ், ஊறவைத்த மீன் என்று ஐந்து பெயர்களையும் நின்ற இடத்திலேயே அடித்தாள். புதுக் கடைக்காரர்களுக்கு இவளை யாரென்று தெரியவில்லை. வாங்கவில்லையென்றால் நகருங்கள் என்றார்கள், வரிக்காரியா என்று கேட்டார்கள். ஒன்பதாவது கடை முன்னால் வந்தபோது படுதா இறக்கிக் கிடந்தது. மூடி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. விதிப்படியே இன்னொரு தடவை பழைய விலையை எழுத இடம் இருந்தது, யாரும் குற்றம் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் மிச்சமிருந்த வாத்தியார்களை நினைத்துப் பார்த்தாள். சன்பெங் வரமாட்டாள் என்று தெரிந்த பிறகும் பழைய விலையை எழுதினால், அதுவும் போன தடவை செய்த அதே வேலைதான். சன்பெங்கின் பெயரை ஒரே கோட்டில் அடித்து, எதிரே ‘இனி வரமாட்டார்’ என்று எழுதினாள். நாலு கடை தள்ளி முட்டை விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் போய் விலை கேட்டாள்.

எண் நாற்பத்தாறு வந்தது, தாக்கேக்கும் அரிசிப் பட்டியலில் சேர்ந்தது. மேலிருந்து இரண்டு தடவை கேட்டார்கள். பூன்தாவி வியர்த்துக்கொண்டே படிவங்களைக் காட்டினார். ஒரு பெயரைக் கூட விட்டுவிடாமல் காட்டினார், அதற்காகவே அவரைப் பாராட்டலாம். ஜூன் கடைசியில் அரிசி வந்து இறங்கியது.

ஜூலை ஐந்தாம் தேதி மதியம், மூடிய முட்டைக் கடையின் பலகையில் பிம்மாலா தனியாக உட்கார்ந்திருந்தபோது அக்கரையிலிருந்து சன்பெங் போனில் பேசினாள். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது, அறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர்தான், கீழே கடையில் முட்டை வாங்கினால் எல்லாம் ஒரே அளவில் இருக்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

“என் கடை முட்டைக்கு இந்த மாசம் என்ன விலை போட்ட?”

“போடலைக்கா. உன் பேரை அடிச்சிட்டேன்.”

சிணுங்கும் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டு சன்பெங் தட்டுவது கேட்டது. பிறகு, அரிசி வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றாள் பிம்மாலா. சோம்சனித் பள்ளியில் எத்தனை வாத்தியார்கள் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நாலு பேர் என்றாள்.

“நாலு பேருக்காவது வந்துச்சே” என்றாள் சன்பெங். “சரி, வச்சிடுறேன், இவன் அழுவுறான். நீ சாப்பிட்டியாடி?”

சோற்றுக் கூடை திறக்காமல் மடியில் இருந்தது.

“சாப்பிட்டேன்க்கா” என்றாள் பிம்மாலா. அந்த மாதத்தில் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.