பெட்டிக்கடை அக்காவின் பயணப் பை

பிரசவ வார்டில் ஆயா வேலை பார்க்கிற அவளுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் பெட்டிக்கடை அக்கா. கடை என்று ஒன்றும் கிடையாது; தோளில் தொங்கும் பைதான் கடை. அதற்குள் கையை விட்டால் ஊக்கு வரும், ஊசி நூல் வரும், தைலம் வரும், பூட்டு வரும், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவியும் வரும். யாராவது "அக்கா, இருக்கா?" என்று வாயைத் திறந்தால் போதும், என்ன வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் கை பைக்குள் போயிருக்கும்.

சும்மா வந்த பழக்கம் இல்லை அது. தலைப்பிரசவத்துக்கு வலி எடுத்து ஓடியபோது கட்டின துணியோடு போனவள் அவள். பிறந்த பிள்ளையைச் சுற்ற ஒரு துணி இல்லை. பக்கத்துக் கட்டில்காரியிடம் துண்டு ஒன்று கேட்டாள். கொடுக்கவில்லை என்று சொல்லக்கூடாது, கொடுத்தாள். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாளே, அது முள்ளாக உள்ளே தங்கிவிட்டது. இனி செத்தாலும் ஒருத்தர் முன்னால் கை நீட்டுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். பிறகு அதே வார்டில் வேலைக்குச் சேர்ந்து, வெறுங்கையோடு வருகிற பெண்களுக்கெல்லாம் கேட்காமலே எடுத்துக் கொடுத்தாள்.

புருஷன் பஸ் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். ஊர் சுற்றுகிறவர்களின் பெட்டிகளை ஏற்றி இறக்கி முதுகு தேய்ந்ததுதான் மிச்சம். ஊர் சுற்ற என்று அவர் ஒரு பஸ்ஸிலும் ஏறி உட்கார்ந்ததில்லை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மகள் கடற்கரைப் பக்கம் ஓர் அறை பிடித்துக் கொடுத்து, "நாலு நாள் சும்மா இருந்துட்டு வாங்க" என்றாள்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை.

"இத பாரு, ஒரு தடவையாவது கையை வீசிக்கிட்டு பஸ் ஏறணும் எனக்கு. ஒரு பொட்டலம்கூடக் கையில இருக்கக்கூடாது."

"தாராளமா வீசுங்க. யாரு உங்க கையைப் பிடிச்சா?"

"நீதான் பிடிப்ப. அந்தப் பையைப் பார்த்தாலே தெரியுது. பாதி வழியில 'ஏங்க, கொஞ்சம் தூக்குங்க'ன்னு சொன்னியோ, அப்படியே திரும்பி வேலைக்குப் போயிடுவேன். கூலியாவது கிடைக்கும்."

சொன்னால் செய்கிற ஆள். அவளுக்கு அது தெரியும். இருந்தும் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். அவள் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள்.

"ரெண்டு டார்ச் எதுக்கு?"

"ஒண்ணு தொலைஞ்சா தேடறதுக்கு."

"சுடுதண்ணிப் பை?"

"உங்க முதுகுக்கு."

"முதுகுக்கும் லீவு விட்டாச்சு."

"அதுகிட்ட சொல்லிட்டீங்களா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, போற இடத்துல மனுஷங்க இல்லையா? இல்லாததைக் கேட்டு வாங்கிக்க மாட்டோமா?"

அவள் முகம் சுண்டிப்போனது. "கேக்க மாட்டேன்" என்று பையின் வாயை இழுத்து மூடினாள்.

காலையில் கிளம்பினார்கள். அவர் முன்னால் கையை வீசிக்கொண்டு போக, அவள் ஒரு தோள் தரையைப் பார்க்க, உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் போனாள். கனக்கிறது என்று வாயைத் திறக்கவில்லையே! தோள் கழன்றாலும் திறந்திருக்க மாட்டாள்.

அடுத்த வீட்டுக்காரி ஓடி வந்தாள். "அக்கா, நாலு நாள் இருக்க மாட்டீங்களாமே! குழந்தைக்குச் சளி. காய்ச்சல் வந்தா நான் யார்கிட்ட ஓடுவேன்?"

பை கீழே இறங்கியது. தெர்மாமீட்டரும் சுடுதண்ணிப் பையும் கை மாறின.

மாடிப்படியில் தடவித் தடவி இறங்குகிற தாத்தாவுக்கு டார்ச் இரண்டும் போயின. "முட்டி வலிக்குதும்மா" என்று அவர் இழுத்தபோது தைலமும் போனது. தெருமுனை வீட்டில் மாசம் முடியப்போகிற பெண் ஒருத்தி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க இருப்பீங்கன்னு தைரியமா இருந்தேன்க்கா" என்றாள். அவ்வளவுதான். துண்டு, துப்பட்டி, பிளாஸ்க், பழைய மெல்லிய துணிகள் எல்லாம் வாசலில் குவிந்தன.

"வலி எடுத்தா இதைத் தூக்கிட்டுக் கிளம்பு. யார்கிட்டயும் ஒரு துண்டு கேக்காதே, தெரியுதா?"

பை சூம்பிப்போயிற்று. புருஷன் இடுப்பில் கை வைத்தபடி நின்றார்.

"நான் கெஞ்சினப்போ ஒரு ஊக்கைக்கூட வெளியே எடுக்கல நீ."

"நீங்க வேண்டாம்னு எடுக்கச் சொன்னீங்க. அவங்க வேணும்னு கேட்டாங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு. மூட்டையைச் சுமந்து பழகின முதுகுக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. ஒரு பெரிய பள்ளத்தில் பஸ் குதித்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது. "அந்தத் தைலத்தை எடு" என்றார்.

அவள் கை வழக்கம்போலப் பைக்குள் போனது. மாற்றுத்துணி, சீப்பு, பல் துலக்கும் பிரஷ். அப்புறம் பையின் அடி. கை அங்கேயே நின்றுவிட்டது.

"விடு, சரியாயிடும்" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. நெற்றியெல்லாம் வியர்வை.

முன் இருக்கையில் ஒரு பெண் மடியில் பெரிய பையோடு உட்கார்ந்திருந்தாள். இவள் கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"ஏம்மா... தைலம் இருக்குமா? இவருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு."

மேலும் கீழும் பார்ப்பாள் என்று உடம்பு கூசிக் காத்திருந்தது. அந்தப் பெண் பார்க்கவே இல்லை; தலையே பைக்குள் போய்விட்டது.

"இருக்கு, இருக்கு! வீட்டுல எல்லாரும் என் பையைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. இந்தாங்க. நீங்களே வச்சுக்கங்க, இன்னொண்ணு இருக்கு."

தேய்க்கத் தேய்க்க அவருக்கு மூச்சு திரும்பியது. "இன்னொண்ணும் வச்சிருக்காளாம். உன் கூட்டம்தான்" என்று முணுமுணுத்தார்.

"பேசாம திரும்பி உட்காருங்க" என்றாள். கண் ஏனோ கலங்கியிருந்தது. தைலத்தின் காரம் என்று அவரிடம் சொன்னாள்.

இறங்கியதும் உப்புக்காற்று வந்து முகத்தில் மோதியது. அவர் மெதுவாகக் கையை வீசி நடந்தார். கொஞ்ச தூரம் போனதும், பையில்லாத பக்கத்துக் கையை அவளும் லேசாக வீசிப் பார்த்தாள்.

"என்ன, கை தானா ஆடுது?"

"காத்து அடிக்குது. நடங்க."