அண்ணாவின் கணினி குளிர்ப்பெட்டிக்குள் போன நாள்

குளிர்சாதனப்பெட்டிக்குள் மற்றவர்கள் மீன் வைப்பார்கள், மோர் வைப்பார்கள். என் அப்பா கணினியை வைத்தார். எனக்கு அப்போது எட்டு வயது. அது பெரிய பெருமையாகக்கூட இருந்தது.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் ஐஸ் தொழிற்சாலையில் மெக்கானிக். கணினி அண்ணாவுடையது. காய்ச்சலில் விழுந்து நாலாம் நாள் அண்ணா இறந்து ஏழு மாதமாகியிருந்தது. வானொலி அறிவிப்பாளனாகப் போகிறேன் என்று திரிந்தவன், வீட்டில் நடப்பதையெல்லாம் நேர்முக வர்ணனை செய்து கணினியில் பதிந்து வைத்திருந்தான். அம்மா சமைக்கக் குசினிக்குள் நுழைவது, அப்பா செருப்பைத் தேடுவது, நான் பால் குடிக்க அடம்பிடிப்பது எல்லாம் அதில் இருந்தன. அவன் குரல் வேறெங்கும் இல்லை.

அம்மா தினமும் அதைப் போட்டுக் கேட்பார். பத்து நிமிடத்தில் கணினி சூடேறி அணைந்துவிடும். அண்ணா பாதி வசனத்தில் நின்றுபோவான், அம்மா அழத் தொடங்குவார். கடையில் கொடுத்துத் திருத்தலாமென்றால், அந்தப் பெட்டி வாசல் படலையைத் தாண்டக்கூடாது என்று அம்மாவுக்குப் பிடிவாதம் வேறு. ஒரு மணித்தியாலம் அணையாமல் ஓடினால் போதும், எல்லாவற்றையும் சீடியில் ஏற்றிவிடலாம் என்று அப்பா நினைத்தார். சூட்டை விரட்டுவதுதானே அவருடைய தொழில்.

பழைய சின்ன பிரிட்ஜ் ஒன்றின் பக்கத்தில் துளை போட்டு, வயர்களை வெளியே எடுத்து, துளையை மெழுகால் அடைத்தார். ஈரத்தை இழுக்கச் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைச் சீலையில் முடிந்து உள்ளே வைத்தார். ஒருநாள் காலையில் கணினியை உள்ளே வைத்துக் குளிரவிட்டு, சீடி வாங்கப் புறப்படும்போது என்னைக் கூப்பிட்டார்.

"கதவில கை வைக்காதேங்கோ பிள்ளை. குளிர்ந்த சாமானில வெளிக்காத்துப் பட்டா வேர்த்துப்போடும். தண்ணி உள்ளுக்க இறங்கினா அண்ணான்ர குரலும் போயிடும். விளங்குதோ?"

"ஓமப்பா" என்றேன்.

நல்ல வெயில். அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டினேன். என்ன சுகம்! பார்த்துக்கொண்டிருக்கவே கணினியின் கறுப்புத் தகடு வெள்ளையாய்ப் பூத்தது. அதில் விரலால் ஒரு பூனை வரைந்தேன். பூனையின் மீசையிலிருந்து நீர் வழிந்தபோதுதான் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. சட்டையால் அவசரமாகத் துடைத்து, கதவைச் சாத்திவிட்டு, நல்ல பிள்ளையாய்ப் போய்ப் படிக்க உட்கார்ந்தேன்.

அப்பா வந்து, அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு சுவிட்சைப் போட்டார். டப் என்றொரு சத்தம், பிறகு கருகல் மணம். கதவைத் திறந்தவர், கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தபடி நின்றார். பிறகு அதைச் சாத்திவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"என்ர பிழைதான். ஈரத்தை நான் சரியாக் கவனிக்கேல்ல."

அதற்குப் பிறகுதான் அம்மா கணினியைக் கடைக்குப் போகவிட்டார். பதிவுகள் இருந்த தட்டும் எரிந்துவிட்டதென்று கடைக்காரர் கையை விரித்தார். அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அப்பாவும் வீட்டில் ஓர் ஆணியைக்கூடத் தொடவில்லை. எனக்கோ தப்பிவிட்ட சந்தோஷம்.

போன வருடம் அப்பா இறந்தார். செத்தவீட்டில் அம்மா, "என்ர பிள்ளையின்ர குரலையும் அழிச்சுப்போட்டு நீங்களும் போறீங்களே" என்று அவர் காலடியில் அழுதார். நான் அம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்தேன். உண்மையைச் சொல்ல அப்போதும் எனக்குத் துணிவு வரவில்லை.

ஐஸ் மெக்கானிக் ஒருவருக்குக் கதவு திறந்தது தெரியாமல் போகாது. என் பூனையும் முழுதாக அழிந்திருக்காது. அதைத்தான் அவர் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.